மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் எச்.ஐ.வி.யும்

கேள்வி: எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்துக்குக் கட்டுப்படாத காசநோயும் வந்தால் சில வாரங்களிலேயே இறந்துவிடுவார்கள் என்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 53 பேரில் 52 பேர் இறந்ததாகவும் படித்தேன். இன்றும் அதே நிலைதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் படித்த செய்தி உண்மையானது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்னும் ஊரக மருத்துவமனையில், 2005 தொடக்கத்திலிருந்து 2006 மார்ச் வரை, முக்கிய மருந்துகள் பலவற்றுக்கும் கட்டுப்படாத எக்ஸ்.டி.ஆர். காசநோய் 53 பேரிடம் கண்டறியப்பட்டது. அவர்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்ட 44 பேருக்கும் அத்தொற்று இருந்தது. சளி மாதிரி எடுத்த நாளிலிருந்து கணக்கிட்டால், இறந்தவர்களில் பாதிப் பேர் ஏறத்தாழ 16 நாட்களுக்குள் உயிரிழந்தனர். சளியிலிருந்து கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று பார்ப்பதற்கு அக்காலத்தில் பல வாரங்கள் பிடித்தன என்பதால், பரிசோதனை முடிவு வந்தபோது பலர் உயிரோடு இல்லை.

இத்தனை விரைவாக ஏன் இறந்தார்கள் என்றால், காசநோய்க் கிருமியை நுரையீரலுக்குள் சுற்றி வளைத்து அடைத்து வைப்பதற்கு உடலுக்குத் தேவையான சி.டி.4 அணுக்களைத்தான் (நோய் எதிர்ப்பில் முக்கியப் பங்கு வகிக்கும் வெள்ளை அணுக்கள்) எச்.ஐ.வி. அழிக்கிறது. அந்தத் தடுப்பு இல்லாதபோது கிருமி இரத்தம் வழியாகக் கல்லீரல், மண்ணீரல், மூளை உறை என்று பரவிவிடுகிறது. நுரையீரலில் பெரிய குழிகள் விழாததால் சளியில் கிருமி குறைவாகவே வருகிறது; நுண்ணோக்கியில் பார்த்தால் தெரியாமலும் போகலாம். நோய் தெரிந்த பிறகும், கிருமி மருந்துக்குக் கட்டுப்படாதது என்பதை அறியாமல் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின் ஆகிய வழக்கமான மாத்திரைகளே தரப்பட்டால், நோயாளி மருந்து உண்கிறார் என்ற நம்பிக்கையில் எல்லாரும் காத்திருக்கையில் நோய் மட்டும் முற்றுகிறது.

மாத்திரையை ஒழுங்காக உண்ணாததால்தான் இந்த நோய் வந்தது என்று நோயாளியைக் குறை கூறும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. அது பெரும் அநீதி. டுகேலா ஃபெர்ரியில் பாதிக்கப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே உட்கொண்டதில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் அண்மையில் மருத்துவமனையில் தங்கியிருந்தவர்கள்; பெரும்பாலோரிடம் ஒரே வகைக் கிருமியே காணப்பட்டது. நெரிசலான, காற்றோட்டமற்ற வார்டுகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றியிருக்க வேண்டும் என்பதையே இவை காட்டுகின்றன.

இன்றைய நிலை அதுவல்ல. 2010இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் கருவி, கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படுமா என்பதை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடுகிறது. பெடாகுயிலின், பிரிடோமனிட், லினசோலிட் ஆகிய மூன்று மருந்துகளையும் சேர்த்துத் தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளிகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த ஆய்வின் முடிவுகள் 2020இல் வெளியாயின. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு எச்.ஐ.வி. இருந்தும், பத்தில் ஒன்பது பேர் நல்ல பலன் பெற்றனர். லினசோலிடால் பலருக்குக் கால் மரத்துப்போனது, ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரத்த அணுக்கள் குறைந்தன என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: என் உறவினர் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து சிகிச்சை) மையத்தில் மாத்திரை வாங்குகிறார். காசநோய் மருந்தும் சேர்ந்தால் உடம்பு தாங்குமா? ஒன்று முடிந்தபின் மற்றதைத் தொடரலாமா?
– வாசகர், சேலம்

பதில்: ஏ.ஆர்.டி. மாத்திரையை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது. இதுவரை அதைத் தொடங்காதவர்களும் காசநோய் சிகிச்சை ஆரம்பித்த எட்டு வாரங்களுக்குள் தொடங்கிவிட வேண்டும் என்பதே பரிந்துரை. மூளை உறையில் காசநோய் இருந்தால் மட்டும் எப்போது தொடங்குவது என்பதை மருத்துவர் தனியே முடிவு செய்வார். எச்.ஐ.வி. மருந்தான எஃபாவிரென்ஸ், காசநோய் மருந்தான பெடாகுயிலினின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். சிடோவுடின் என்னும் எச்.ஐ.வி. மருந்தும் லினசோலிடும் சேர்ந்தால் இரத்தசோகை கடுமையாகலாம். ஆகவே இரண்டு இடங்களிலும் தரப்படும் மாத்திரைகளின் பட்டியலை இரு மருத்துவர்களிடமும் காட்டச் சொல்லுங்கள். இருமல், காய்ச்சல், எடை குறைதல், இரவு வியர்வை இவற்றில் ஏதேனும் ஒன்று தென்பட்டாலும் அடுத்த முறை மாத்திரை வாங்கும் நாள் வரை காத்திராமல் அவர் உடனே மையத்துக்குச் சென்று, மருந்து எதிர்ப்பையும் சேர்த்துக் காட்டும் சளிப் பரிசோதனையைக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.