கேற்றுக்கு உள்ளே ஒரு சட்டம், வெளியே இன்னொன்று: கம்பனி குவாட்டர்ஸ் கேள்வி-பதில்

போன மாதம் ஆலைக் குவாட்டர்ஸ் பற்றி நாலு வரி எழுதியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். தொழில் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான், வக்கீல் இல்லை.

குச்சவெளிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி: எங்கள் குவாட்டர்ஸில் இருபது குடும்பங்களுக்கு மேல். கிணற்றுத் தண்ணீர் உப்பு. மலக்குழி நிறைந்து வழிகிறது. தொழில் அலுவலகத்துக்குப் போனால் "இது எங்கட வேலை இல்லை" என்கிறார்கள். உண்மையா ஐயா?

பாதி உண்மை தங்கச்சி. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்கு உள்ளே குடிநீர், கழிவறை, காற்று, வெளிச்சம் எல்லாம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் கணவர் வேலை செய்யும் இடத்தில் குழாய் இல்லையென்றால் தொழில் அலுவலகம் தட்டிக்கழிக்க முடியாது. கேற்றைத் தாண்டி வந்து உங்கள் குசினியில் நின்றால் அது வீடு. வீட்டுச் சுகாதாரம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பொறுப்பு. அங்கேயிருந்து பீ.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரவேண்டும். வழிகிற மலக்குழிக்கு 1862ஆம் ஆண்டுத் தொல்லைகள் கட்டளைச் சட்டமே போதும், நீதவான் நீதிமன்றம் வரை போகலாம். கம்பனிக் காணி என்பதால் பீ.எச்.ஐ. உள்ளே வரக்கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உப்பைப் பற்றித்தான் கவலைப்படுகிறீர்கள். எனக்கு மலக்குழிதான் பயம். ஒருமுறை ஒரு குவாட்டர்ஸுக்குப் பீ.எச்.ஐ. ஒருவரோடு போயிருந்தேன். கிணற்றடியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, குடித்துப் பார்த்தேன், நல்ல ருசி. அவர் ஒன்றும் பேசாமல் கிணற்றுக் கட்டிலிருந்து மலக்குழி மூடி வரை எட்டு வைத்து நடந்தார். பதினொரு எட்டு. ஐம்பது அடியாவது இருக்க வேண்டிய இடம் அது. எனக்கு அன்று இரவு முழுக்க வயிற்றைப் பற்றியே நினைப்பு. குடிநீருக்கான இலங்கைத் தரம் எஸ்.எல்.எஸ். 614இன்படி 100 மில்லிலீற்றரில் ஈ.கோலி கிருமி ஒன்றுகூட இருக்கக்கூடாது. அது நாக்குக்குத் தெரியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது.

நீங்களே சோடாப் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அந்த முடிவு செல்லாது. கிருமி நீக்கிய போத்தலில் பீ.எச்.ஐ. எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். முறைப்பாட்டை எழுத்தில் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். இன்னொன்று: பீ.எச்.ஐ. வந்தால் உங்கள் கொல்லையில் கிடக்கிற சிரட்டையையும் டயரையும் பார்ப்பார். நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் 2007ஆம் ஆண்டுச் சட்டம் குடியிருப்பவரையும் பிடிக்கும். முதல் நாளே கூட்டிவிடுங்கள்.

மூதூரிலிருந்து: பக்கத்தில் வேறு கடை இல்லை. கம்பனிக் கடையில் கொப்பியில் எழுதிக் கடனுக்கு வாங்குகிறோம். மாத முடிவில் சம்பளத்தில் வெட்டுகிறார்கள். கேட்கலாமா?

கேளுங்கள். இலங்கை 1983இல் ஏற்றுக்கொண்ட ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழில் அமைப்பின்) 95ஆவது சமவாயம் கம்பனிக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று தொழிலாளியை வற்புறுத்தக்கூடாது என்கிறது. வேறு கடைக்குப் போக வழியில்லாத இடத்தில் நியாயமான விலைக்கு விற்கப்படுவதை அரசு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிக்கப்பட்ட கழிவுகளைத்தான், அதுவும் உங்கள் சம்மதத்தோடுதான் வெட்டலாம். இது முழுக்கத் தொழில் அலுவலகத்தின் வேலை. பக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் பாவனையாளர் அதிகாரசபைக்கு, 1977 என்ற இலக்கத்துக்குப் போன் அடியுங்கள்.

கடைக்காரர் பென்சிலால் எழுதுகிற கொப்பியை நம்பி இருக்காதீர்கள். நீங்களும் ஒரு கொப்பி வைத்து, பேனாவால் எழுதுங்கள்.

தம்பலகாமத்திலிருந்து: 26 வருஷம் வேலை செய்து ஓய்வு பெற்றேன். குவாட்டர்ஸ் திறப்பைத் தந்தால்தான் பணிக்கொடை என்கிறார்கள்.

அண்ணன், இது இரண்டு வேறு கணக்கு. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி வேலை முடிந்து 30 நாளுக்குள் பணிக்கொடை கைக்கு வரவேண்டும். பிந்தினால் மேலதிகக் கட்டணமும் சேரும். மோசடி, கையாடல், வேண்டுமென்றே சேதம் செய்தது போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டால் மட்டும்தான், அதுவும் நட்டத்தின் அளவுக்குத்தான், அதைப் பிடிக்கலாம். தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு போடுங்கள்.

அப்புறம் வீடு. அது உங்களுடையது இல்லை, ஒருநாள் கொடுக்கத்தான் வேண்டும். 1961இல் வந்த ஐ.எல்.ஓ. 115ஆவது பரிந்துரை வெளியேற நியாயமான அவகாசம் கேட்கிறது, ஆனால் அது வெறும் பரிந்துரை. ஒன்று கவனித்தீர்களா, தொழில் கொடுப்பவரே வீட்டுக்கும் சொந்தக்காரராக இருப்பது பொதுவாக நல்லதல்ல என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் ஆலை போன்றவற்றுக்குத்தான் விதிவிலக்கு. உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

வீடு அரசினதோ கூட்டுத்தாபனத்தினதோ என்றால் அரச குவாட்டர்ஸை மீளப் பெறுவதற்கான 1969ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம் வரும்: எழுத்தில் அறிவித்தல், பிறகு நீதவான். தனியார் என்றால் வழக்குப் போட்டுத்தான் எடுக்கலாம். கரண்டை வெட்டுவதும் சாமானைத் தூக்கி வெளியே வைப்பதும் சட்டத்தில் இல்லை. அப்படி நடந்தால் அன்றே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின் கீழ் போவதற்கு, வெளியேற்றிய நாளிலிருந்து இரண்டு மாதக் கணக்கு இருக்கிறது, பிந்தவேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து: மகன் கத்தாரில், கம்பனி கேம்பில். ஒரு அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில்.

அந்த நாட்டின் 2014ஆம் ஆண்டு அமைச்சு ஆணையே ஒரு அறைக்கு நாலு பேர், ஆளுக்கு ஆறு சதுர மீற்றர், அடுக்குக் கட்டில் கூடாது என்கிறது. மகன் அங்குள்ள தொழில் அமைச்சிலும் டோஹா தூதரகத்திலும் சொல்லட்டும். நீங்கள் இங்கே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்குப் போன் எடுங்கள். அறையின் படம் கையில் இருக்கட்டும்.

பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் குவாட்டர்ஸைப் பீ.எச்.ஐ. வந்து பார்த்தாரா என்று அறிய, தனியார் கம்பனிக்கு ஆர்.ரி.ஐ. (தகவல் அறியும் உரிமை) விண்ணப்பம் போடலாமா?

பொதுவாக முடியாது. அரசுக்கு 25 வீதம் அல்லது அதற்கு மேல் பங்குள்ள கம்பனி என்றால் முடியும். புல்மோட்டை கனிய மணல் அரசுடையது என்பதால் சட்டத்துக்குள் வரும். ஆனால் ஏன் கம்பனியைக் கேட்கிறீர்கள்? பீ.எச்.ஐ. எழுதிய அறிக்கை சுகாதாரப் பணிமனையில் கிடக்கிறது, அவர்களிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். "பீ.எச்.ஐ. ஏன் வரவில்லை" என்று எழுதினால் விளக்கக் கடிதம்தான் வரும். கடைசியாக எந்தத் திகதியில் வந்தார்கள், அன்று எழுதிய குறிப்பின் பிரதி, இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்.