இறந்துபோன தந்தையின் ஒரே ஒரு பழைய புகைப்படத்திலிருந்து, சிலை செய்வதற்கு ஏற்ற முப்பரிமாண முக மாதிரியை உருவாக்க முடியுமா?

உருவாக்கலாம். ஆனால் கிடைக்கும் முகத்தில் எது புகைப்படத்திலிருந்து வந்தது, எது மென்பொருள் ஊகித்துச் சேர்த்தது என்பதைப் பிரித்துப் பார்க்காவிட்டால், உங்கள் தந்தைக்குப் பதிலாக அவருடைய ஒன்றுவிட்ட தம்பி போன்ற ஒருவர் வந்து நிற்பார்.

எங்கள் பாட்டாவுக்கு (கன்னியாகுமரி மாவட்டத்தில் எங்கள் பக்கத்தில் தாத்தாவை அப்படித்தான் அழைப்போம்) மார்பளவுக் கற்சிலை ஒன்று செய்ய முடிவெடுத்து, அவருடைய ஒரே ஸ்டுடியோ படத்துடன், கற்சிற்பங்களுக்குப் பெயர்போன மயிலாடிக்குப் போனேன். சிற்பி படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, பக்கவாட்டுல எடுத்த போட்டோ ஒண்ணு உண்டுமா? இல்லேன்னா மூக்கை நான் எந்தக் கணக்குல கொத்த?" என்று கேட்டார். இந்தத் துறையின் அடிப்படைச் சிக்கலும் அதுதான். நேராக எடுத்த படத்தில் மூக்கின் நீளமும் அகலமும் இருக்கும். அது முகத்திலிருந்து எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பதற்கு நிழலைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

அந்த இடைவெளியை மென்பொருள் மற்றவர்களின் முகங்களைக் கொண்டு நிரப்புகிறது. 1999-இல் பிளான்ஸ், வெட்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 100 ஆண்கள், 100 பெண்கள் என 200 பேரின் தலைகளை லேசரால் அளந்து, அவற்றின் சராசரியிலிருந்து ஒரு முகம் எந்தெந்தத் திசைகளில் விலகக்கூடும் என்பதைக் கணக்கிட்டு ஒரு மாதிரியை அமைத்தார்கள். 2017-இல் வந்த ஃபிளேம் என்ற மாதிரி அதே சிந்தனையை 5023 புள்ளிகள் கொண்ட முழுத் தலைக்கு விரித்தது. 2021-இல் வெளிவந்த டெக்கா போன்ற நரம்பியல் வலையமைப்புகள் (ஏராளமான படங்களைப் பார்த்துப் பயின்ற கணினி நிரல்கள்) ஒரு படத்தைப் பார்த்ததும், ஃபிளேமில் முகவடிவத்தையும் முகபாவத்தையும் குறிக்கும் எண்களை ஊகித்துத் தந்துவிடுகின்றன. 1999-இல் வந்த மாதிரிக்காக அளக்கப்பட்ட அந்த 200 பேரும் இளவயதினர், பெரும்பாலும் ஐரோப்பியர். அப்படிப்பட்ட அடித்தளத்தின் மீது எழுபது வயதுத் தமிழரின் முகத்தைப் பொருத்தினால், தெரியாத இடங்களிலெல்லாம் அது அந்தச் சராசரியை நோக்கியே சாயும்.

பாட்டாவுக்கு அப்படித்தான் நடந்தது. கடைவாய்ப் பற்கள் விழுந்து உள்வாங்கியிருந்த கன்னம், திரையில் உப்பி நின்றது. தவறு முழுவதும் மென்பொருளுடையதும் அல்ல. பழைய ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மீதே பென்சிலால் டச்சிங் செய்து சுருக்கங்களை மறைப்பது வழக்கம், எனவே எங்களிடமிருந்த படமே ஓரளவு பொய் சொல்லியிருக்கக்கூடும். தோலின் கருமையையும் நிழலின் கருமையையும் ஒரே படத்தில் பிரித்தறிவதிலும் இந்த மாதிரிகள் அடிக்கடி தடுமாறுகின்றன. நிறத்தைப் பொறுத்தவரை எங்களுக்கு அது பொருட்டல்ல, கல்லுக்கு நிறம் வேண்டியதில்லை. ஆனால் நிழலைத் தவறாகப் படித்தால் வடிவமும் பிசகும்.

ஆகவே இன்னொரு படத்தைத் தேடுங்கள். அது தெளிவாக இருக்க வேண்டிய கட்டாயம்கூட இல்லை. தக்கலையில் நடந்த ஒரு உறவினர் கல்யாணக் குழுப்படத்தில், பாட்டா ஓரத்தில் நின்று யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் கட்டைவிரல் நகம் அளவுதான் இருந்தது, ஆனால் மூக்குத்தண்டின் நடுவிலிருந்த மேடு தெளிவாகத் தெரிந்தது. முகவடிவத்துக்கான எண்களை இரு படங்களுக்கும் பொதுவாகவும், தலையின் திருப்பம், முகபாவம், வெளிச்சம் ஆகியவற்றைத் தனித்தனியாகவும் வைத்து மறுபடி பொருத்தியபோது, முதல் முயற்சியில் நேராக இருந்த மூக்குத்தண்டு வளைந்து, எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு இருக்கும் மூக்காக மாறியது. இரண்டு படங்களும் ஏறத்தாழ ஒரே வயதில் எடுக்கப்பட்டவையாக இருப்பது முக்கியம்.

அளவு தனிப் பிரச்சினை. புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டு தலை எத்தனை சென்டிமீட்டர் என்று சொல்ல முடியாது. நல்லவேளையாக ஸ்டுடியோ படத்தில் பாட்டா அணிந்திருந்த மூக்குக்கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. அதன் சட்டத்தின் அகலத்தை அளந்து மாதிரியின் அளவை நிர்ணயித்தேன். அப்படி எதுவும் இல்லையென்றால், வளர்ந்தவர்களின் கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரம் சராசரியாக 63 மில்லிமீட்டர் என்பதைக் கொண்டு தோராயமாக அமைக்கலாம்.

முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் அரைத்திருப்பத்திலும் அதே அளவில் அச்சிட்டுக் கொடுத்தேன். சிற்பி அதைக் கவராயத்தால் அளந்து முதலில் களிமண்ணில் செய்தார். அந்தக் கட்டத்தில் நேரில் பழகியவர் ஒருவரை அவசியம் அழைத்துச் செல்லுங்கள். நான் அத்தையை அழைத்துப் போயிருந்தேன். மூக்கைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அப்பாவுக்குக் காது இப்படி ஒட்டி இருக்காது, கொஞ்சம் விரிஞ்சி நிக்கும்" என்றார். காது விஷயத்தில் இந்த மாதிரிகள் பெரும்பாலும் பொதுவான ஒரு காதைத்தான் வைக்கின்றன, நானும் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். சிற்பி ஈரக் களிமண்ணில் இரண்டு காதுகளையும் விரலால் சற்று வெளியே இழுத்து, அத்தை போதும் என்று சொன்ன இடத்தில் நிறுத்தினார்.