"90 சதவீதம் முடிந்தது" – ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நிர்வாகம் பற்றிய உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கணக்குப் பிரிவில் இருந்த என்னிடம், நிறுவனத்தின் பழைய பில்லிங் மென்பொருளை மாற்றும் பொறுப்பைக் கொடுத்தார்கள். இணையத்தில் ஒரு படிப்பு முடித்தேன். கான்ட் சார்ட் (எந்த வேலை எந்த நாளில் என்று பட்டைகளாக வரைந்து காட்டும் அட்டவணை) போடத் தெரியும். வாரம் தவறாமல் மீட்டிங் வைக்கிறேன். ஆனாலும் ஆறு வாரமாக "90 சதவீதம் முடிந்தது" என்றே அறிக்கை போகிறது. யாரைக் கேட்டாலும் தன் பங்கு முடிந்துவிட்டது என்கிறார். ஒரு ப்ராஜெக்ட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை நடத்தக் கற்றுக்கொள்ள எங்கிருந்து ஆரம்பிப்பது? நல்ல மென்பொருள் வாங்கினால் சரியாகுமா? பிஎம்பி என்ற ப்ராஜெக்ட் மேலாண்மைச் சான்றிதழ்த் தேர்வு எழுதலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். வேலை முடிந்தது என்று யார், எதைப் பார்த்து ஒப்புக்கொள்ளப் போகிறார்? இதற்கு எழுத்தில் பதில் இல்லாததால்தான் உங்கள் அறிக்கை 90-ல் நிற்கிறது. மென்பொருள் விற்றவருக்கு இன்ஸ்டால் செய்ததோடு வேலை முடிந்தது. ஐடி பிரிவுக்குத் தரவை ஏற்றியதோடு முடிந்தது. கணக்குப் பிரிவுக்கோ, நிலுவைத் தொகை ஒத்துப்போனால்தான் முடிவு. யாரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு முடிவை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உங்கள் ப்ராஜெக்ட்டுக்கு ஏற்பு நிபந்தனை இப்படி இருக்கலாம்: போன மாதத்துப் பில்கள் அத்தனையையும் புதிய மென்பொருளில் மறுபடி ஓட்டும்போது, வாடிக்கையாளர்வாரி நிலுவையில் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசம் பூஜ்யம். வரி அறிக்கை சரியாக வருகிறது. பில்லிங் ஊழியர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் கிரெடிட் நோட் (வாடிக்கையாளர் கணக்கில் பில் தொகையைக் குறைக்கும் சீட்டு) போடுகிறார்கள். இவற்றைச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியவர் கணக்கு மேலாளர். இந்த நாலு வரியை இன்றே எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் ஒப்புதல் வாங்குங்கள். மிச்சம் 10 சதவீதமா, 40-ஆ என்று அப்போதுதான் தெரியும். பெரும்பாலும் 40 ஆகத்தான் இருக்கும்.

அடுத்த ப்ராஜெக்ட்டில் இதை முதல் நாளே செய்யுங்கள். ஒரே பக்கம் போதும். எதற்காக இந்த மாற்றம், எவையெல்லாம் இதில் சேராது, பணத்தையும் ஆளையும் ஒதுக்கும் அதிகாரம் யாருக்கு, ஏற்பு நிபந்தனை என்ன என்று அதில் இருக்க வேண்டும். "எவையெல்லாம் சேராது" என்பதை எல்லோரும் விட்டுவிடுவார்கள். பின்னால் சண்டை வருவது அங்கேதான். இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள்: நெருக்கடி வந்தால் தேதி, செலவு, வேலையின் அளவு மூன்றில் எதை விட்டுக்கொடுப்பது? மூன்றும் அசையாது என்று மேலிடம் சொன்னால் நெருக்கடி நேரத்தில் தரம்தான் அடிபடும். அதை அங்கேயே சொல்லிவிடுவது நல்லது.

முன்வேலையை முடிக்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஒப்பரா ஹவுஸ் தெரிந்த உதாரணம். கூரையை எப்படிக் கட்டுவது என்ற பொறியியல் கேள்விக்கு விடை கிடைக்கும் முன்பே, அரசியல் அவசரத்தில் 1959-ல் வேலையைத் தொடங்கினார்கள். பின்னால் முடிவான கூரையின் எடையைத் தாங்காது என்று, ஏற்கெனவே எழுப்பிய அடித்தளத் தூண்களைப் பலப்படுத்த வேண்டி வந்தது. 1963-ல் முடிய வேண்டியது 1973-ல் திறக்கப்பட்டது. 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் என்ற மதிப்பீடு 10.2 கோடியில் போய் நின்றது. கட்டடம் உலகப் புகழ் பெற்றது வேறு விஷயம். பில்லிங் மென்பொருளுக்கு அந்த ஆறுதலும் கிடையாது.

இனி அட்டவணை. கான்ட் சார்ட் போடத் தெரியும் என்கிறீர்கள். சார்ட் என்பது விடையை வரைந்து காட்டும் படம், கணக்கு அதற்கு முன்னால் நடக்க வேண்டும். முதலில் வேலையைத் துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டு 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் 80 மணி நேரத்துக்கு மேல் போகாமலும் இருக்கட்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர். "ஐடி பிரிவு" என்று எழுதினால் பொறுப்பாளர் இல்லை என்று அர்த்தம். துண்டுகளைக் கூட்டினால் முழு வேலையும் வர வேண்டும். பயிற்சி, ஒப்புதலுக்காகக் காத்திருப்பது, பழைய சிஸ்டத்தை மூடுவது ஆகிய மூன்றும்தான் வழக்கமாக விடுபடும்.

உங்கள் வேலையையே எடுத்துக்கொள்வோம். தேவைகளை உறுதி செய்ய 5 நாள். அதன் பிறகு இரண்டு வேலைகள் பக்கம்பக்கமாக நடக்கலாம்: மென்பொருளை நமக்கேற்ப அமைக்க 10 நாள், பழைய வாடிக்கையாளர் தரவைச் சுத்தம் செய்ய 12 நாள். இரண்டும் முடிந்ததும் தரவேற்றம் 3 நாள். அமைப்பு வேலை முடிந்ததும் பயிற்சி 4 நாள். தரவேற்றமும் பயிற்சியும் முடிந்தால் சோதனை ஓட்டம் 5 நாள். இப்போது பாதைகளைக் கூட்டிப் பாருங்கள். அமைப்பு, தரவேற்றம் வழியாகப் போனால் 23 நாள். அமைப்பு, பயிற்சி வழியாக 24. தரவுச் சுத்தம் வழியாக 25. மிக நீளமான பாதைதான் ப்ராஜெக்ட்டின் கால அளவு. கிரிட்டிக்கல் பாத் என்பது இதுதான். மென்பொருள் அமைப்பு ஒரு நாள் தாமதித்தால் ஒன்றும் ஆகாது. தரவுச் சுத்தம் ஒரு நாள் தாமதித்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போகும். ஆனால் மீட்டிங்கில் எல்லோரும் மென்பொருள் கம்பெனிக்காரரைத்தான் குடைந்துகொண்டிருப்பார்கள், கணக்குப் பிரிவில் எக்செல்லைத் திறந்து வைத்து, ஒரே வாடிக்கையாளர் மூன்று பெயரில் இருப்பதைச் சரிசெய்துகொண்டிருக்கும் ஊழியரை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அந்த ஊழியரிடம்தான் அடுத்த சிக்கலும் இருக்கிறது. 12 நாள் என்பது முழுநாள் வேலையாகப் போட்ட கணக்கு. அவருக்கு அன்றாட பில்லிங் வேலையும் உண்டு, பாதி நேரம்தான் இதற்குக் கிடைக்கும். ஆகவே 12 நாள் வேலை நாட்காட்டியில் 24 நாள் எடுக்கும். 25 நாள் ப்ராஜெக்ட் 37 நாள் ஆகிவிடுகிறது. இதில் யாருடைய சோம்பலும் இல்லை. வேலையளவையும் கால அளவையும் போட்டுக் குழப்பிக்கொண்டதன் விளைவு. திட்டம் போடும் நாளிலேயே அவருடைய மேலாளரிடம் எத்தனை மணி நேரம் விடுவிப்பார் என்று எழுத்தில் வாங்குங்கள்.

12 என்ற எண் எப்படி வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். "எத்தனை நாள் ஆகும்?" என்று ஒற்றை எண் கேட்டால், ஒன்று உங்களைச் சந்தோஷப்படுத்தும் எண் வரும், அல்லது பாதுகாப்புக்காக ஊதிப் பெருக்கிய எண் வரும். மூன்று எண் கேளுங்கள். எல்லாம் நன்றாக நடந்தால் 8, வழக்கமாக 11, சொதப்பினால் 20. நடு எண்ணை நான்கால் பெருக்கி மற்ற இரண்டையும் கூட்டி ஆறால் வகுத்தால் 12. இது 1958-ல் அமெரிக்கக் கடற்படையின் பொலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவான பெர்ட் என்ற திட்டமிடல் முறையின் சூத்திரம். சூத்திரத்தைவிட, "20 ஏன்?" என்று கேட்கும்போது வரும் பதில் முக்கியம். "பழைய முகவரிப் பட்டியல் யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது" என்பார். அதை உடனே ரிஸ்க் பட்டியலில் ஏற்றி, தேடும் பொறுப்பையும் ஒருவரிடம் கொடுங்கள்.

வாராந்திர மீட்டிங்கில் "எத்தனை சதவீதம்?" என்ற கேள்வியைத் தடை செய்துவிடுங்கள். "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி? எது தடுக்கிறது?" என்று கேளுங்கள். சதவீதம் சொல்வது சுலபம், மீதி நாளைச் சொல்ல யோசிக்க வேண்டும். அறிக்கைக்கு எண் தேவைப்பட்டால் ஒவ்வொரு துண்டுக்கும் பூஜ்யம் அல்லது நூறு, நடுவில் எதுவும் இல்லை. துண்டுகள் சிறியவை என்பதால் இது கடுமையாகத் தோன்றினாலும் கணக்கு பெரிதாகத் தவறாது.

செலவிலும் இதே ஏமாற்று உண்டு. பட்ஜெட் 10 லட்சம், பாதிக் காலம் போய்விட்டது, திட்டப்படி 5 லட்சம் செலவாகியிருக்க வேண்டும், ஆகியிருப்பதும் 5 லட்சம். மேலிடம் திருப்தியாகிவிடும். ஆனால் முடிந்த துண்டுகளின் திட்ட மதிப்பைக் கூட்டினால் 4 லட்சம்தான் வருகிறது என்றால், செலவிட்ட ஒவ்வொரு 100-க்கும் 80-க்கான வேலையே நடந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் 10-ஐ 0.8-ஆல் வகுத்து 12.5 லட்சம் ஆகும். பாதி வழியிலேயே இதைச் சொன்னால் ஏதாவது செய்ய முடியும்.

நடுவில் வரும் "இதையும் சேர்த்துக்கொள்ளலாமே"களைத் தடுக்க வேண்டாம், தடுக்கவும் முடியாது. ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதி, எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று பக்கத்தில் போட்டு, அதிகாரம் உள்ளவரிடம் அனுப்புங்கள். விலை தெரிந்ததும் பாதிப் பேர் தாங்களே வாபஸ் வாங்கிவிடுவார்கள். தாமதமானால் ஆள் சேர்ப்பதும் யோசித்துச் செய்ய வேண்டியது. 5 பேர் குழுவில் இருவர் இருவராகப் பேச வேண்டிய தொடர்புகள் 10, 10 பேர் ஆனால் 45. புதியவருக்குச் சொல்லிக்கொடுப்பவர், ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் பழையவர்தான்.

முடிக்கும் கட்டத்துக்குத் தனியாக நாள் ஒதுக்குங்கள். கையெழுத்து வாங்குவது, சிறு குறைகளைத் தேதியோடு பட்டியலிடுவது, அந்தப் பட்டியல் தீரும்வரை மென்பொருள் தந்தவரின் கடைசித் தவணையை நிறுத்திவைப்பது (ஒப்பந்தத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும்), பழைய சிஸ்டத்தைப் பார்க்க மட்டும் முடியும்படி மாற்றுவது, வெளியாட்களுக்குக் கொடுத்த கடவுச்சொற்களை நீக்குவது, இனி பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது என்று ஊழியர்களுக்குச் சொல்வது. பழைய சிஸ்டத்தில் எழுதும் வசதியை விட்டுவைத்தால் யாராவது ஒருவர் அதிலேயே பில் போட்டுக்கொண்டிருப்பார், மாதக் கடைசியில் நிலுவை ஒத்துப்போகாது. உங்கள் ஆறு வாரத்துக்கு அதுவும் ஒரு காரணமா என்று பாருங்கள். மதிப்பிட்ட நாளையும் ஆன நாளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மதிப்பீட்டுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது.

மென்பொருள் கேட்டீர்கள். நாற்பது ஐம்பது துண்டுகள் வரை எக்செல்லே போதும். பொறுப்பாளர் பெயர் இல்லாத பட்டியலை எந்த மென்பொருளில் ஏற்றினாலும் அது பொறுப்பாளர் இல்லாத பட்டியல்தான். பிஎம்பி சான்றிதழை 1969-ல் தொடங்கப்பட்ட பிஎம்ஐ (ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிடியூட்) அமைப்பு வழங்குகிறது. ப்ராஜெக்ட்டுகளை நடத்திய அனுபவத்தையும் 35 மணி நேரப் பயிற்சியையும் காட்டினால்தான் தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியும். அனுபவம் இல்லாதவர்களுக்கு அதே அமைப்பின் சிஏபிஎம் என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் இருக்கிறது. இரண்டுமே சொற்களை ஒழுங்குபடுத்தித் தரும், வேலை மாறும்போது உதவும். இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள், இந்தப் பில்லிங் வேலையை முடித்துக் கையெழுத்து வாங்கிய பிறகு விண்ணப்பியுங்கள். அனுபவப் பட்டியலில் காட்டவும் அது உதவும்.