கேரளத்தில் தமிழர்களும் வாழும் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து ஊர் நூலகத்தை முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ஏற்றதாக மாற்ற எங்கிருந்து தொடங்கலாம்?

வாசற்படியிலிருந்து தொடங்குங்கள். சாய்தளத்தின் சரிவு 1:12-ஐ (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) மீறக்கூடாது என்பதால், மொத்தம் 45 செ.மீ. உயரமுள்ள மூன்று படிகளுக்குக் குறைந்தது 5.4 மீட்டர் நீளம் தேவை. இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டினால் சக்கர நாற்காலி பின்னோக்கிச் சரியும், அது படிக்கட்டைவிட ஆபத்தானது என்றே நான் கருதுகிறேன். இருபுறமும் கைப்பிடி அவசியம்.

அறிவிப்புகள் மலையாளத்தில் மட்டும் இருந்தால், தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த முதியவருக்கு உள்ளே வந்தும் பயனில்லை என்பதை நம் பகுதியில் பலரும் மறந்துவிடுகிறோம். இரு மொழிகளிலும் பெரிய எழுத்தில் எழுதி, உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் ஒட்டுங்கள்.

பஞ்சாயத்துக்கு மனுக் கொடுக்கும்போது, பொதுக் கட்டடங்களை அணுகத்தக்கவையாக்கும்படி சொல்லும் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 45-ஆம் பிரிவைத் தவறாமல் குறிப்பிடுங்கள். வேலை தொடங்குமுன், சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஊர்க்காரர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கருத்துக் கேளுங்கள்.