ரேடியோவுக்கு எந்த பேட்டரி: கேள்வி பதில்

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். ரேடியோவ ஒரு மாசம் தொடப்போறதில்லன்னா செல்ல கழட்டி வெளிய வச்சிடுங்க. நான் பாத்த வரைக்கும் ரேடியோ கெட்டுப்போறதுக்கு பெரிய காரணம் உள்ளயே மறந்துபோன செல்தான். சரி, கேளுங்க.

கேள்வி: சார், என் ரேடியோவுக்கு நாலு பென்சில் செல் வேணும். சாதா செல், ஆல்கலைன், சார்ஜ் பண்றது, எத வாங்கலாம்?

பதில்: தினமும் கேக்குறீங்களா, எப்பவாவதா, அத வச்சுதான் முடிவு பண்ணனும். சின்ன ரேடியோ மிதமான சவுண்டுல சுமாரா 30லேர்ந்து 100 மில்லி ஆம்பியர்தான் இழுக்கும், ஆனா மணிக்கணக்கா இழுக்கும். 2000 எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் மணி, செல் எவ்வளவு சார்ஜ் தாங்கும்னு காட்டுற அளவு) செல் போட்டு 50 மில்லி ஆம்பியர் இழுத்தா கிட்டத்தட்ட 40 மணி நேரம் ஓடும். தினமும் கேக்குறவங்க சார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் வாங்குங்க, அதுலயும் 'லோ செல்ஃப் டிஸ்சார்ஜ்' வகையா பாத்து வாங்குங்க. 2005ல சான்யோவோட எனலூப் வந்தப்புறம்தான் இந்த வகை பரவுச்சு, அதுக்கு முந்தின செல்லெல்லாம் சும்மா வச்சிருந்தாலே தானா இறங்கிடும்.

இந்த நிக்கல் செல் 1.2 வோல்ட்தானே, பத்துமான்னு அடுத்து கேப்பீங்க. பத்தும். ஆல்கலைன் 1.5ன்னு எழுதியிருந்தாலும் அங்கயே நிக்கிறதில்ல, போட்டதுலேர்ந்து இறங்கிட்டேதான் இருக்கும், 1.2க்கு வரும்போது அதுல இன்னும் கணிசமா சார்ஜ் மிச்சம் இருக்கும், பெரும்பாலான ரேடியோ அதுக்கேத்த மாதிரிதான் செஞ்சிருப்பாங்க. நிக்கல் செல் போட்டா பேட்டரி அளவு காட்டுற கோடு மட்டும் சீக்கிரமே குறைஞ்ச மாதிரி காட்டும், சில ரேடியோல அதுக்குன்னு செட்டிங்கே இருக்கு, மாத்திக்கோங்க.

எப்பவாவது கேக்குறவங்களுக்கு ஆல்கலைன் போதும். புயல் மழைக்குன்னு எடுத்து வைக்கிற ரேடியோன்னா சார்ஜ் பண்ண முடியாத 1.5 வோல்ட் லித்தியம் செல் வாங்கி பக்கத்துல வைங்க. விலை கூடத்தான், ஆனா வருஷக்கணக்கா தாங்கும், லீக் ஆகுறதும் ரொம்ப அபூர்வம்.

கேள்வி: ரெண்டு செல் புதுசு, ரெண்டு பழசு. கலந்து போடலாமா?

பதில்: கூடாது. பழசு முதல்ல காலியாகும், மத்த செல்லுங்க அது வழியா கரண்ட்ட தள்ளிக்கிட்டே இருக்கும், அது தலைகீழா சார்ஜ் ஆகி உள்ள கேஸ் சேந்து ஒழுகும். வகையும் கலக்காதீங்க.

கேள்வி: பழைய ரேடியோவ திறந்தா ஸ்பிரிங் பூரா வெள்ளையா பூத்திருக்கு. தூக்கிப் போட்டுடவா அண்ணே?

பதில்: ஐயோ, போடாதீங்க. ஆல்கலைன் செல்னா அது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒழுகி காத்து பட்டு உறைஞ்சது. காரம், தோலையும் கண்ணையும் பதம் பாத்துடும், அதனால கையுறை, கண்ணாடி போட்டுக்கோங்க. பஞ்சு சுத்துன குச்சில கொஞ்சம் வினிகரோ எலுமிச்சை சாறோ தொட்டு தேய்ங்க, நுரைச்சு கரையும். அப்புறம் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு நல்லா காய விடுங்க. போர்டு மேல எதையும் ஊத்தாதீங்க. ஒழுகினது சாதா கார்பன் ஸிங்க் செல்னா அது அமிலத்தன்மை, அதுக்கு சமையல் சோடா கரைசல். செல்ல கழட்டி வச்சிருந்தா இந்த வேலையே இல்ல.

கேள்வி: யூஎஸ்பில சார்ஜ் பண்ற 1.5 வோல்ட் லித்தியம் செல் எப்படி?

பதில்: மத்திய அலை, சிற்றலை கேக்குறவங்க வாங்காதீங்க. உள்ள இருக்கிறது 3.7 வோல்ட் லித்தியம் அயான், அத 1.5 ஆக்க ஒரு குட்டி ஸ்விட்சிங் சர்க்யூட் வச்சிருக்காங்க, அது இரைச்சல் கிளப்பும்.

இன்னொருத்தர்: நான் அந்த செல்தான் போட்டிருக்கேன், ஒரு இரைச்சலும் இல்ல. சும்மா பயமுறுத்தாதீங்க.

பதில்: எந்த பேண்ட் கேக்குறீங்க?

அவரே: எஃப்எம்.

பதில்: அதான் தெரியல. இரைச்சல் பெரும்பாலும் அலையோட உயர ஏத்த இறக்கமாத்தான் வரும், எஃப்எம் ரிசீவர் அத வெட்டிடும், தவிர அந்த சர்க்யூட்டோட இரைச்சல் அதிகம் விழுறது கீழ் அலைவரிசைகள்ல. மத்திய அலைக்கு ஆண்டெனாவே உள்ள இருக்கிற ஃபெரைட் கம்பி, செல்லுக்கு ரெண்டு விரக்கடை தள்ளி. பகல்ல ஒரு பலவீனமான ஸ்டேஷன வச்சு, அந்த செல்லோட ஒரு தடவ, ஆல்கலைனோட ஒரு தடவ கேட்டுப் பாருங்க.

வேற ஒருத்தர்: எனக்கு சிற்றலைல உய்ங்னு ஒரே சத்தம், செல் மாத்துனதும் போயிடுச்சு.

முதல்ல சொன்னவர்: ஆனா கடைசி வரைக்கும் 1.5 குறையாம வருதே, அது நல்லதுதானே?

பதில்: குறையாது, அதனாலயே தீரப்போறது தெரியாது, பேசிக்கிட்டிருக்கும்போதே ரேடியோ நின்னுடும். எஃப்எம் மட்டும்னா வச்சுக்கோங்க, உங்க கூட எனக்கு சண்டை இல்ல. ஆனா அத நிக்கல் செல் சார்ஜர்ல மட்டும் போட்டுடாதீங்க, அதுக்குன்னு உள்ளதுலதான் சார்ஜ் பண்ணனும்.

கேள்வி: 1.2 வோல்ட் சார்ஜ் செல் போட்டா ரேடியோ பாடுமா சார்?

பதில்: முதல் பதில்ல இருக்கு.

கேள்வி: பென்சில் செல் சைஸ்லயே 3.7 வோல்ட்னு ஒண்ணு விக்குதே, பவர் ஜாஸ்தியா?

பதில்: போடாதீங்க! நாலு போட்டா முழு சார்ஜ்ல 16.8 வோல்ட், 6 வோல்ட் ரேடியோவுக்குள்ள போகும். ரேடியோ செத்துடும்.

கேள்வி: ஆல்கலைன திரும்ப சார்ஜ் பண்ணலாமா?

பதில்: கூடாது. ஒழுகும், வெடிக்கவும் செய்யும். சார்ஜிங் வசதி உள்ளயே இருக்கிற ரேடியோல ஆல்கலைன் போட்டு ஒயர் சொருகினாலும் இதே கதிதான், முதல்ல சார்ஜிங்க ஆஃப் பண்ணுங்க.

கேள்வி: ரேடியோல தட்டை பேட்டரி உப்பியிருக்கு, அமுக்கி மூடிட்டேன்.

பதில்: இப்பவே சார்ஜர உருவுங்க, இனி சார்ஜ் போடாதீங்க. அமுக்காதீங்க, குத்தாதீங்க, குப்பைல போடாதீங்க. எரியுற பொருள் பக்கத்துல இல்லாம தனியா வச்சு, பழைய பேட்டரி வாங்குற எடத்துல குடுங்க.

கேள்வி: கார் பேட்டரிக்கு தண்ணி எப்ப ஊத்தணும்?

பதில்: அது எனக்கு தெரிஞ்ச வேலை இல்ல, கார் மெக்கானிக்க கேளுங்க.

கேள்வி: பழைய 9 வோல்ட் பேட்டரிய டிராயர்ல சேத்து வச்சிருக்கேன், பரவாயில்லையா?

பதில்: ரெண்டு முனையும் பக்கத்து பக்கத்துல இருக்கு, ஒரு சாவி பட்டா போதும், ஷார்ட் ஆகி சூடாகி தீப்பிடிக்கும். ஒவ்வொண்ணுக்கும் முனை மேல டேப் ஒட்டுங்க.

கேள்வி: சார், நிக்கல் செல்லுல 1.2தானே வரும், ரேடியோ...

பதில்: ரெண்டாவது ஆளு நீங்க. பாடும். மேல விவரமா எழுதியிருக்கேன், தயவுசெஞ்சு படிங்க.

கேள்வி: பெரிய டார்ச் செல் சைஸ்ல சார்ஜ் பண்றது வாங்கினேன், ரொம்ப லேசா இருக்கு, டூப்ளிகேட்டா?

பதில்: மேல என்ன எம்ஏஹெச் போட்டிருக்குன்னு பாருங்க. 2500 மாதிரி இருந்தா, பெரிய கூட்டுக்குள்ள பென்சில் செல் அளவுக்குத்தான் சரக்கு இருக்கு. ரேடியோ பாடும், ஆனா அந்த சைஸ் ஆல்கலைன்ல 10000க்கு மேல கிடைக்கும், அந்த நேரம் இதுல வராது. நல்ல நிக்கல் செல்லுலயும் அந்த சைஸ்ல 8000, 10000னு வருது, கையில தூக்கினாலே கனம் தெரியும்.