ஆர்8 கேட்டேன், எம்டி3 வந்தது: மெஷினைத் திருப்பிக் கொடுக்க முடியுமா?

கேள்வி: கோவையில் வீட்டோடு சிறு பட்டறை வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன்; நான் ஒருவன்தான் ஆள். மேசை மேல் வைக்கும் சின்ன மில்லிங் மெஷினை 1,85,000 ரூபாய்க்கு வாங்கினேன். என்னிடம் ஒரு பெட்டி ஆர்8 காலெட் (வெட்டும் கருவியைப் பிடிக்கும் கவ்வி) இருப்பதால், ஸ்பிண்டில் டேப்பர், அதாவது சுழலும் தண்டின் வாயில் உள்ள கூம்புத் துளை, ஆர்8தான் வேண்டும் என்று வாட்ஸ்ஆப்பில் எழுதினேன். கொட்டேஷனிலும் அப்படியே இருந்தது. வந்தது எம்டி3 என்ற வேறு வகைத் துளை. கூட வந்த காலெட்டிலேயே இரண்டு வாரம் வேலை பார்த்த பிறகுதான் கவனித்தேன். "அடாப்டர் போட்டுக்கங்க, ரெண்டும் ஒண்ணுதான்" என்கிறார் விற்றவர். பில் என் ஜிஎஸ்டி எண்ணில் இருக்கிறது. வழக்குப் போடலாமா?

பதில்: ரெண்டும் ஒண்ணு இல்லை, வழக்கே அதில்தான் நிற்கிறது. எம்டி3 துளையின் வாய் அகலம் 23.8 மி.மீ. சுமார், ஆர்8 காலெட்டின் உடம்பே 24.1 மி.மீ. உள்ளேயே போகாது. அடாப்டர் என்றால் வெளியே நீட்டித் தொங்கவிட வேண்டும். சின்ன மெஷினில் அந்த உயரத்தை யார் கொடுப்பது? போதாததற்கு எம்டி3 கவ்விக்கொள்ளும் ரகம், டிராபாரை (காலெட்டை மேலிருந்து இழுத்துப் பிடிக்கும் திருகுக் கம்பி) தளர்த்திச் சுத்தியலால் தட்ட வேண்டும். ஆர்8 லேசாக விட்டுவிடும். நுகர்வோர் ஆணையத்தில் இருப்பவர்கள் பட்டறை பார்த்திருக்க மாட்டார்கள். காலெட் வாயிலேயே முட்டி நிற்பதைப் போட்டோ எடுங்கள், ஒரு பொறியாளரிடம் அளவு எழுதி வாங்குங்கள்.

கொட்டேஷனில் சொன்ன சரக்கு வேறு, வந்த சரக்கு வேறு என்றால் சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 15-ஆம் பிரிவு உங்கள் பக்கம். எதற்காக ஆர்8 என்று முன்பே சொன்னதால் 16-ஆம் பிரிவும் உதவும்.

சிக்கல் அந்த இரண்டு வாரம். வந்த பொருளை ஓட்டிப் பார்ப்பது வேறு, அதில் வேலை செய்து காசு பார்ப்பது வேறு. பின்னதை 42-ஆம் பிரிவின்படி 'ஏற்றுக்கொண்டீர்கள்' என்று எதிர்த்தரப்பு வாதிடும். டேப்பர் முதல் நாளே கண்ணில் படும் விஷயம் என்பதால் அந்த வாதத்துக்கு வலு உண்டு. ஏற்றுக்கொண்டது உறுதியானால் மெஷினைத் தள்ளிவிட்டு முழுப் பணம் கேட்கும் உரிமை போய்விடும்; நஷ்டஈடு கேட்கும் உரிமை மட்டும் 59-ஆம் பிரிவில் மிஞ்சும். ஆகவே முழுப் பணத்தில் பிடிவாதம் வேண்டாம் என்பேன். ஒரே மாடலை இரண்டு டேப்பரிலும் செய்யும் தயாரிப்பாளர்கள் உண்டு. முதல் கோரிக்கை ஆர்8 ஸ்பிண்டில். முடியாதென்றால் புதிதாக எம்டி3 காலெட், ஹோல்டர் வாங்கும் செலவு.

அடுத்து, பில்லில் ஜிஎஸ்டி எண்: "இவர் வியாபாரி, நுகர்வோர் அல்ல" என்பார்கள். இதற்குப் பதில் உங்கள் ஊர் வழக்கிலேயே கிடைக்கிறது. லட்சுமி என்ஜினியரிங் ஒர்க்ஸ், பி.எஸ்.ஜி. இன்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டிடம் மெஷின் வாங்கிய வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாங்கியவர் பெரிய அளவு உற்பத்திக்கு வாங்கியதால் தோற்றார். ஆனால் அதே தீர்ப்பு, பிழைப்புக்காகத் தானே ஓட்ட லேத் வாங்குகிறவர் நுகர்வோரே, உதவிக்கு ஒன்றிரண்டு பேர் இருந்தாலும் அது மாறாது என்றது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவும், நுகர்வோர் யார் என்று சொல்லும்போது, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவரை விலக்கவில்லை. மனுவின் முதல் பத்தியிலேயே "நானே ஓட்டுகிறேன், இதுவே என் பிழைப்பு" என்று எழுதுங்கள். மெஷினுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உங்கள் வரிக்கணக்கில் வரவாக எடுத்திருந்தால் மறைக்காதீர்கள்; அவர்கள் எடுத்து வைத்தால் இன்னும் அசிங்கம்.

கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், விற்றவர் எந்த ஊரானாலும் சரி. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. காலக்கெடு 2 வருடம். வாட்ஸ்ஆப் உரையாடலை அழிக்க வேண்டாம்; அதைச் சாட்சியமாக வைக்க பாரதிய சாக்ஷிய சட்டம் (இப்போதைய சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வேண்டும்.

அதற்கு முன், இன்றே ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். 15 நாள் கெடு. போனில் பேசியதெல்லாம் கணக்கில் வராது. பதில் வரும்வரை மெஷினை ஓட்டாமல் வையுங்கள். ஸ்பிண்டில் மாற்றித் தர ஒப்புக்கொண்டால் டிராபாரையும் சேர்த்து எழுதி வாங்குங்கள்: ஆர்8-க்கு 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. எம்டி3-உடன் வந்த டிராபார் ஆர்8 காலெட்டில் ஏறாது.