மாமாவுக்குச் சொல்லும் ஓடிபி

கேள்வி: எனக்கு 32 வயது. பெங்களூரு முருகேஷ்பாளையாவில் ஒற்றை ரூம், வாடகை 15,000. வெப்சைட் டிசைன், ஃப்ரீலான்ஸ். ஒரு மாதம் 1.3 லட்சம் வரும், அடுத்த மாதம் 40,000தான். ரூமைக் காலி செய்துவிட்டு, லேப்டாப், சோலார் பேனல், பேட்டரி பொருத்திய சைக்கிளில் வேலை பார்த்தபடியே இரண்டு வருடம் ஊர் ஊராகப் போக நினைக்கிறேன். செட்டப்புக்கு 1.75 லட்சம் ஆகும். நோ-காஸ்ட் இஎம்ஐ போடலாமா, இல்லை 1.5 லட்சம் எஃப்டியை உடைக்கலாமா? கிரெடிட் கார்டில் 2.6 லட்சம் பாக்கி. அதில் 1.9 லட்சம் அக்கா கணவர் தன் கடைக்குச் சரக்கு எடுத்தது. மினிமம் தவறாமல் கட்டுகிறேன். வீட்டில் எல்லோரும் இது பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள். பயமாக இருக்கிறது.

பதில்: சைக்கிள் பைத்தியக்காரத்தனம் இல்லை. 1983-லேயே ஸ்டீவன் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் ஒஹாயோவில் வீட்டை விற்றுவிட்டு, படுத்தபடி மிதிக்கும் சைக்கிளில் கணினியோடு கிளம்பினார். நாலு பென்டார்ச் செல்லில் ஓடும் குட்டி மடிக்கணினி அது. கட்டுரையை வழியிலேயே எழுதி, டெலிபோன் லைன் வழியாக அனுப்பிப் பிழைத்தார். இன்று உங்களுக்கு இரண்டு சிம் போதும்.

பயப்பட வேண்டியது "மினிமம் தவறாமல் கட்டுகிறேன்" என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்குத்தான்.

நீங்கள் அனுப்பிய ஸ்டேட்மென்டில் வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று இருக்கிறது. 2.6 லட்சத்துக்கு 9,100 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ஆக, மாதம் சுமார் 10,700. நீங்கள் கட்டும் மினிமம் 13,000. அசலில் குறைவது 2,300. அதே மாதம் மளிகை, மருந்து என்று அதே கார்டில் ஐந்தாறாயிரம் தேய்த்திருக்கிறீர்கள். பழைய பாக்கி இருக்கும்வரை புதுச் செலவுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது, தேய்த்த நாளிலிருந்தே மீட்டர் ஓடும். வருடத்துக்கு 1.28 லட்சம் வட்டிக்கே போகிறது. நீங்கள் கேட்கும் சைக்கிள் செட்டப்பில் முக்கால் பங்கு அது.

எஃப்டி ஏழு சதவீதம் என்றாலும் மாதம் 875 ரூபாய் தருகிறது. இங்கே 10,700 போகிறது. அப்புறம் என்ன யோசனை? உடையுங்கள், ஆனால் சைக்கிளுக்காக அல்ல. முன்கூட்டி எடுத்தால் வட்டியில் அரையோ ஒன்றோ சதவீதம் பிடிப்பார்கள், பிடிக்கட்டும். 1.5 லட்சமும் அன்றைக்கே கார்டுக்குப் போக வேண்டும். மீதி 1.1 லட்சத்துக்கு வங்கியில் பர்சனல் லோன் கேளுங்கள். 16, 18 சதவீதம் சொன்னாலும் 12 மாதத் தவணை பத்தாயிரத்தை ஒட்டித்தான் வரும். இப்போது கட்டுவதைவிட 3,000 குறைவு, ஒரு வருடத்தில் முடிந்தும் போகும்.

ஆனால் உங்கள் மாமா, அதான் அந்த அக்கா கணவர், மறுபடி போன் செய்து, "மாப்ள, ஒரு ஓடிபி வந்திருக்கும் பாரு" என்பார். நீங்களும் மீட்டிங்கில் இருந்தபடியே ஆறு எண்களைச் சொல்வீர்கள். அப்படிச் சொன்னால் மேலே போட்ட கணக்கு எதற்கும் உதவாது. இந்தக் கார்டைத் தொலைந்ததாகச் சொல்லி முடக்கி, புது எண் வாங்குங்கள். சரக்கு எடுக்கும் தளங்களில் பழைய கார்டைச் சேமித்து வைத்திருப்பார், அதையும் நீக்கச் சொல்லுங்கள். அக்காவிடம் சண்டை வேண்டாம். "ஆலோசகர் கார்டை மூடச் சொல்லிவிட்டார்" என்று பழியை என் மேல் போடுங்கள். மாமா கடைக்கு நிஜமாகவே பணம் தேவையென்றால், சிறு தொழிலுக்குக் கடன் தரும் அரசின் முத்ரா திட்டத்தில் கிஷோர் பிரிவு இருக்கிறது. 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை, பிணை இல்லாமல். கடைக் கணக்கை வங்கி பார்க்கும். அதற்கு அவர் தயங்கினால் ஏன் என்று நீங்களும் கேட்கலாம். தர வேண்டிய 1.9 லட்சத்தை மாதம் 8,000 வீதம் அவர் கணக்கிலிருந்து தானாக வரும்படி செய்யுங்கள். இரண்டு வருடத்தில் தீர்ந்துவிடும். "தீபாவளி வியாபாரம் முடியட்டும்" என்பதெல்லாம் தவணை ஆகாது.

இனி சைக்கிள். 1.75 லட்சப் பட்டியலைப் பார்த்தேன். 45,000-க்குப் பவர் ஸ்டேஷன் என்ற பெரிய பேட்டரிப் பெட்டி, இரண்டு மடக்குப் பேனல், டிரெய்லர்! ராபர்ட்ஸுக்கும் இதே வியாதிதான். முதலில் அந்தக் குட்டிக் கணினி, மூன்றாவது வண்டி வந்தபோது 105 கியர், எடை 260 கிலோவுக்கு மேல். ஓசூர் ரோட்டு மேம்பாலத்தில் அதை மிதித்துப் பாருங்கள். உங்கள் லேப்டாப் 60 வாட் என்று வைத்து ஆறு மணி நேரம் ஓட்டினால் 360 வாட்-மணி. டீக்கடையிலோ லாட்ஜிலோ ஒரு பிளக் கிடைத்தால் அந்தக் கணக்கு முடிந்தது. நல்ல சைக்கிள், மழை புகாத பை, கூடுதல் பேட்டரி ஒன்று: 60,000-க்குள் முடியும். அதையும் கையில் காசு சேர்ந்த பிறகு வாங்குங்கள். நோ-காஸ்ட் இஎம்ஐயில் வட்டி காணாமல் போவதில்லை, உங்களுக்குத் தராத தள்ளுபடிக்குள் ஒளிந்திருக்கும். கார்டு ஏஜென்ட் சொன்ன, விமான நிலைய லவுஞ்ச் இலவசமாகக் கிடைக்கும் டிராவல் கார்டு, சைக்கிளில் போகிறவருக்கு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

ரூமுக்குக் கொடுத்த அட்வான்ஸ் ஒரு லட்சத்தைச் செட்டப்பில் சேர்த்திருக்கிறீர்கள். பெயின்டிங் என்று ஓனர் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு 85,000 தருவார். இரண்டு வருடம் கழித்துப் பெங்களூருக்குத் திரும்பினால் மறுபடி அட்வான்ஸ் கேட்பார்களே! அந்த 85,000 உங்கள் அவசர நிதி, தனிக் கணக்கில் இருக்கட்டும். வருமானம் எல்லாம் ஒரு கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதம் 40,000 மட்டும் உங்களுக்குச் சம்பளம், லோன் தவணை உட்பட. வரி விஷயம் ஆடிட்டர் பார்க்கிறார் என்றீர்கள், விட்டுவிடுகிறேன்.

கிளம்பும் முன் மருத்துவக் காப்பீடும் தனிநபர் விபத்துக் காப்பீடும் எடுங்கள். சைக்கிளுக்கு பைக் போலக் கட்டாய இன்ஷூரன்ஸ் எதுவும் இல்லை. நெடுஞ்சாலையில் லாரி உரசிவிட்டு நிற்காமல் போனால், கை குணமாகும்வரை டிசைன் வேலையும் இல்லை. விபத்து பாலிசியில் தற்காலிக ஊனத்துக்கு வாராவாரம் பணம் தரும் பிரிவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். லோனில் ஆறு தவணை முடிந்ததும், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் மூன்று வாரம் போய் வாருங்கள், ரூமைக் காலி செய்யாமல். கிளையன்ட் ஒருவருக்கும் வேலை தாமதமாகவில்லை என்றால் ஓனருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். அட்வான்ஸ் திரும்பி வரும் தேதியை மட்டும் மாமாவிடம் சொல்ல வேண்டாம்.